360-உடன் சுத்தமான கிராப்: ஸ்கீயைக் கைக்குக் கொண்டுவரும் வழி

பனிச்சறுக்குக்கான பார்க்கின் (ஜம்புகள் கட்டிவைத்த டெரெய்ன் பார்க்) சிறிய ஜம்பில் நேராகப் பறந்து நிமிர்ந்து இறங்கத் தெரியும், 180 (காற்றில் 180 பாகை, அதாவது அரைச்சுற்று) வரும், 360-உம் (முழுச்சுற்று) பெரும்பாலும் விழாமல் முடிகிறது. ஆனால் அதில் ஒரு கிராப் (காற்றில் இருக்கும்போது ஸ்கீயைக் கையால் பிடிப்பது) சேர்க்கப் போனால் எல்லாம் குலைந்துபோகிறது என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இன்னும் நேராகவே தாவிப் பழகாதவர்கள் இதைப் படித்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் இப்போதைக்கு முயல வேண்டாம்.

வழக்கமாகச் சொல்லித்தரும் வரிசை, "முதலில் சுழலக் கற்றுக்கொள், பிறகு கிராப்பைச் சேர்த்துக்கொள்" என்பது. அந்த வரிசையில் பலர் ஒரு சீசன் முழுக்கத் தேங்கி நிற்கிறார்கள். நானும் நின்றேன். கிராப் இல்லாமல் பழகிய 360-இல் கைகள் விரிந்திருக்கும், கால்கள் தொங்கும், உடம்பு அந்த வடிவத்தையே மனப்பாடம் செய்துவிடும். அதற்குள் கையை நுழைக்க இடமே இருக்காது. இங்கே நான் சொல்லும் வரிசை நேர்மாறானது: முதலில் சுழலாமல் கிராப், அது கண்ணை மூடிக்கொண்டு வருமளவு பழகியபின் அதற்கு அடியில் சுழற்சி.

1. எது சுத்தமான கிராப் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

மூன்று நிபந்தனைகள். விரல்கள் ஸ்கீயின் ஓரத்தைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். காலணியான பூட்டையோ, அதை ஸ்கீயோடு இணைக்கும் பைண்டிங்கையோ பிடித்தால் கணக்கில்லை. பிடி நீடிக்க வேண்டும். தட்டிவிட்டு எடுப்பது கிராப் அல்ல. இறங்குமுன் நீங்களாக விட வேண்டும். தரை வந்து பிடுங்கிவிடக் கூடாது.

போட்டிகளில் நடுவர்கள் நேர்த்திக்கு மதிப்பெண் தரும்போது இவற்றையே பார்க்கிறார்கள். கிராப் தவறிய பெரிய சுழற்சியைவிட நன்றாகப் பிடித்த சிறிய சுழற்சி பார்க்கவும் அழகு. போட்டி உங்கள் நோக்கமாக இல்லாவிட்டாலும் இந்த அளவுகோல் பயன்படும். பிடித்துவிட்டேன் என்று நீங்கள் நினைப்பதும் வீடியோ காட்டுவதும் பெரும்பாலும் ஒத்துப்போகாது.

2. முதல் கிராப் எது, எந்தக் கை

சேஃப்டி கிராப்பில் தொடங்குங்கள். வலது கையால் வலது ஸ்கீயின் வெளி ஓரத்தை, பாதத்திற்கு நேர் கீழே, பூட்டை ஒட்டிப் பிடிப்பது (இடது கை என்றால் இடது ஸ்கீ). கை உடம்பைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை, ஸ்கீகள் ஒன்றோடொன்று சிக்காது, விட்டதும் கால்கள் தாமாகவே இறங்கும் நிலைக்கு வந்துவிடும்.

எந்தக் கை என்பதில்தான் குழப்பம் அதிகம். என் பரிந்துரை: இடப்பக்கம் சுழல்பவர்கள் வலது கையால் பிடியுங்கள், வலப்பக்கம் சுழல்பவர்கள் இடது கையால். காரணம் இதுதான். இடப்பக்கம் சுழலும்போது இடது தோள்தான் சுழற்சியை வழிநடத்துகிறது. அதே பக்கத்துக் கையைக் கீழே இறக்கினால் அந்தத் தோளும் கீழே சரியும். நின்றவாக்கில் சுழல வேண்டிய உடம்பு சாய்ந்த அச்சில் சுழலத் தொடங்கும். தேர்ந்தவர்கள் அதையே வேண்டுமென்று செய்து கார்க் என்பார்கள். நமக்கு அது இப்போது வேண்டாம். பின்னால் வரும் கையால் பிடித்தால் தோள்கள் மட்டமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

3. காகித வேலை: பனிக்குப் போகும் முன்பே

அலுப்பான பகுதிதான், ஆனால் தாண்டிப் போய்விடாதீர்கள்.

காப்பீடு. பயணக் காப்பீட்டில் "பனி விளையாட்டுகள் உண்டு" என்ற வரியைப் பார்த்து நிம்மதியாகிவிட வேண்டாம். டெரெய்ன் பார்க், ஜம்ப், ஃப்ரீஸ்டைல் ஆகிய சொற்கள் விலக்குப் பட்டியலில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். சில பாலிசிகள் பார்க்கை ஏற்றுப் போட்டியை விலக்கும். சில கூடுதல் பிரீமியம் கேட்கும். சரிவிலிருந்து மீட்டுக் கொண்டுவரும் செலவு, ஹெலிகாப்டர் செலவு, ஊர் திரும்பும் செலவு மூன்றும் தனித்தனியாகக் குறிப்பிடப்பட்டுள்ளனவா பாருங்கள். சந்தேகம் இருந்தால் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்ன "ஆமாம்" பிறகு உதவாது. பாலிசி எண்ணும் அவசர உதவி எண்ணும் ஜாக்கெட் பையில் காகிதமாகவே இருக்கட்டும். குளிரில் போன் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும்.

பொறுப்புத் துறப்புப் படிவம். ஏர்பேக் (தாவி விழுபவரை ஏந்தும் பெரிய காற்றுப் பை), டிராம்போலின் கூடம், சில பார்க்குகள் ஆகியவை கையெழுத்துக் கேட்கும். வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். இதை வாசலில் போய்த் தெரிந்துகொண்டால் அரைநாள் போய்விடும். பெரும்பாலும் முன்கூட்டியே இணையத்தில் நிரப்பிவிடலாம்.

பைண்டிங் படிவம். வாடகைக்கோ சரிபார்ப்புக்கோ போகும்போது எடை, உயரம், வயது, பூட் அடிப்பாகத்தின் நீளம், உங்கள் சறுக்கும் பாணி ஆகியவற்றைக் கேட்பார்கள். இவற்றை வைத்துத்தான் ஸ்கீ எந்த விசையில் கழன்றுகொள்ள வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். இதற்கு ஐஎஸ்ஓ 11088 என்ற தரநிலை இருக்கிறது. எடையைக் குறைத்துச் சொல்லும் கூச்சம் இங்கே வேண்டாம். கிராப் முயலும்போது ஸ்கீ கழன்றுவிடுகிறது என்று திருகாணியை நீங்களே இறுக்குவது மிகப் பொதுவான, மிக மோசமான பழக்கம். கழல வேண்டிய நேரத்தில் கழலாத ஸ்கீ முழங்காலைத்தான் முறுக்கும்.

லிஃப்ட் பாஸ். சில இடங்களில் பார்க்கிற்குத் தனி பாஸ் வேண்டும், அல்லது ஒரு சிறு பாதுகாப்பு வகுப்பில் உட்கார வேண்டும். வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

4. கருவிகள்: எதற்குச் செலவு செய்யலாம், எதற்கு வேண்டாம்

இரு முனையும் வளைந்த ட்வின் டிப் ஸ்கீ வேண்டும். சுழற்சி முடியாமல் பின்பக்கமாக இறங்க நேர்ந்தால் அது காப்பாற்றும். புதியது வாங்க அவசியமில்லை. பார்க்கில் ஓரங்கள் எப்படியும் அடிபடும், பழையதே போதும். பழையது வாங்கினால் பைண்டிங் இன்னும் பழுதுபார்க்கத் தக்கதா, உங்கள் பூட்டின் அடிப்பாகத்தோடு பொருந்துமா என்று கடையில் காட்டிவிட்டு வாங்குங்கள். நடப்பதற்கேற்ப வளைந்த கிரிப்வாக் அடிப்பாகம் கொண்ட பூட் எல்லாப் பைண்டிங்கிலும் சரியாக உட்காராது.

ஹெல்மெட்டில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பனிச்சறுக்குக்கான இஎன் 1077 அல்லது ஏஎஸ்டிஎம் எஃப்2040 முத்திரை இருக்கிறதா பாருங்கள். பலமாக ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே விரிசல் தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள். இதனால்தான் பிறர் பயன்படுத்திய ஹெல்மெட்டை வாங்கக் கூடாது என்கிறேன்.

கையுறை மெல்லியதாக, விரல் விரலாகப் பிரிந்ததாக இருக்கட்டும். தடித்த மிட்டன் போட்டுக்கொண்டு ஸ்கீ ஓரத்தை உணர முடியாது. எஃகு ஓரத்தைத் திரும்பத் திரும்பப் பிடிப்பதால் விரல் நுனிகள் சீக்கிரம் கிழியும். விலை உயர்ந்த கையுறையை இதற்குப் பலி கொடுக்காதீர்கள்.

கோல்களை முதல் சில நாட்கள் கீழேயே வைத்துவிட்டுப் போகலாம். பிறகு எடுத்துக்கொள்ளும்போது குட்டையானவையாக இருக்கட்டும். பிடிக்கும் கையில் கோலைக் கட்டை விரலுக்கும் உள்ளங்கைக்கும் இடையே செருகிவிட்டு மற்ற விரல்களை ஸ்கீக்கு விட்டுவிடுங்கள். கோலின் வாரை மணிக்கட்டில் மாட்டவே வேண்டாம்.

5. தரையில், டிராம்போலினில்

முழு விஷயமும் இந்தப் படியில்தான் இருக்கிறது. கை கீழே போகக் கூடாது, ஸ்கீ மேலே வர வேண்டும்.

காரணத்தைக் கணக்காகவே சொல்லிவிடலாம். 1 மீட்டர் உயரம் எழும்பி அதே மட்டத்தில் இறங்கினால் காற்றில் இருக்கும் நேரம் சுமார் 0.9 நொடி. அரை மீட்டர் என்றால் 0.64 நொடிதான். பார்க் ஜம்பில் இறங்கும் சரிவு தாழ்வாக இருப்பதால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவே. இந்த நேரத்திற்குள் எழும்ப வேண்டும், பிடிக்க வேண்டும், பிடித்திருக்க வேண்டும், விட வேண்டும், கால் நீட்ட வேண்டும். இடுப்பை வளைத்துக் குனிந்து கை ஸ்கீயைத் தேடிப் போனால் பாதி நேரம் தேடுவதிலேயே கழிந்துவிடும். தலை கீழே போகும், மார்பு மடியும், இறங்கும்போது நீங்கள் இன்னும் குனிந்தபடியே இருப்பீர்கள். முழங்கால்களை மார்பை நோக்கி இழுத்தால் ஸ்கீ தானாகக் கையருகே வந்து நிற்கும். கை சற்றே இறங்கினால் போதும்.

வீட்டில் வெறுங்காலோடு, நின்ற இடத்திலிருந்து குதித்து, முழங்கால்களை உயர்த்தி, பாதத்தின் வெளி ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். முதுகு நேராக, பார்வை நேரெதிரே. கண்ணாடி முன் செய்தால் குனிவது உடனே தெரியும். இது சிரமமாக இருந்தால் உங்களுக்குக் குறைவது துணிச்சல் அல்ல. இடுப்பின் நெகிழ்வும் வயிற்றுத் தசையின் வலுவும்தான். அதற்கான பயிற்சிக்கு எந்தச் செலவும் இல்லை, சீசன் தொடங்கும் முன்பே செய்து முடிக்கலாம்.

அடுத்து டிராம்போலின். முதலில் நேராகக் குதித்துப் பிடியுங்கள். பிறகு 180-இல், பிறகு 360-இல். இங்கேதான் பார்வையைப் பழக்க வேண்டும்: கண் சுழலும் திசையில், தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். பிடிக்கும் கையைப் பார்க்கக் குனிந்தால் சுழற்சி அங்கேயே தளர்ந்துவிடும். இருட்டில் சொந்த வீட்டுச் சுவிட்சைத் தேடும் கைபோல, பார்க்காமலேயே கை இடம் அறிய வேண்டும். அந்த நிலை வராமல் பனிக்குப் போய்ப் பணம் செலவழிக்காதீர்கள்.

6. பனியில், சுழலாமல்

எஸ் அளவுக் குறியிட்ட மிகச் சிறிய ஜம்பைத் தேர்ந்தெடுங்கள். அதில் முதலில் ஒன்றும் செய்யாமல் நேராகத் தாவி வேகத்தைச் சரிபாருங்கள். மேட்டின் தட்டையான பகுதியையும் அதன் முனையான நக்கிளையும் தாண்டி, சரிவில் இறங்க வேண்டும். எங்கிருந்து புறப்பட்டால் அது நடக்கிறது என்று ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு சேஃப்டி கிராப், நேராக. லிப்பை (ஜம்பில் காற்றில் எழும்பும் முனை) விட்டு எழும்பும்வரை கையைப் பற்றி நினைக்கவே வேண்டாம். பலர் லிப்பில் இருக்கும்போதே குனியத் தொடங்குகிறார்கள். அதனால் உயரமே கிடைப்பதில்லை. முழுதாக நிமிர்ந்து எழும்புங்கள், முழங்கால் இழுங்கள், பிடியுங்கள், உச்சியைத் தாண்டும்வரை விடாதீர்கள்.

நண்பர் ஒருவரைப் பக்கவாட்டில் நிறுத்தி மெதுவசைவில் படமெடுக்கச் சொல்லுங்கள். இறங்கும் பாதையிலோ லிப்புக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத இடத்திலோ அவர் நிற்கக் கூடாது. வீடியோவில் மூன்றை மட்டும் பாருங்கள்: கை எதைப் பிடித்திருக்கிறது, முதுகு எவ்வளவு மடிந்திருக்கிறது, விடும்போது தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது.

பிடி தொடர்ந்து கிடைக்கிறது, இறங்கும்போது பின்சாய்வு இல்லை என்றால் 180-க்குப் போகலாம். 180-இல் கிராப் என்பது அவசரமானது. ஆனால் அதில்தான் சுழற்சியும் பிடியும் முதன்முறையாகச் சந்திக்கின்றன. நேராக 360-க்குத் தாவ நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்தப் படிக்கே திரும்பி வருகிறார்கள்.

7. 360: எந்த நேரத்தில் எது

இடப்பக்கச் சுழற்சி என்று வைத்துச் சொல்கிறேன். வலப்பக்கம் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள்.

லிப்பில்: சுழற்சி முழுவதும் இங்கேயே உருவாக வேண்டும். காற்றில் போனபின் உந்துவதற்கு எதுவுமில்லை. இருக்கும் சுழற்சியை வேகப்படுத்தலாம், மெதுவாக்கலாம், புதிதாக உண்டாக்க முடியாது. ஸ்கீகள் தட்டையாக, தோள்கள் சற்றே வலப்பக்கம் முறுக்கி, எழும்பும் கணத்தில் கைகளும் தலையும் இடப்பக்கம் திரும்ப வேண்டும். ஸ்கீயின் ஓரத்தை அழுத்தித் திரும்பியபடி லிப்பை விட்டால் உடம்பு சாயும். லிப்பிலேயே ஸ்கீகளைச் சறுக்கித் திருப்புவது இன்னொரு பொறி: பாதிச் சுழற்சி தரையிலேயே தீர்ந்துபோய், எழும்பும் விசையும் போய்விடும்.

சுமார் 90-இல்: முழங்கால்கள் மேலே, வலது கை வலது ஸ்கீயில். அதற்கு முன் பிடிக்கப் பார்த்தால் சுழற்சி தொடங்கும் முன்பே அதை நிறுத்துகிறீர்கள்.

90 முதல் 270 வரை: பிடி. இடது கையை மறந்துவிடாதீர்கள். அது மேலே பறந்தால் உடம்பு எதிர்ப்பக்கம் சாயும். முன்னால், தோள் மட்டத்தில் இருக்கட்டும். கை உடம்போடு ஒட்டினால் சுழற்சி வேகமாகும், விரிந்தால் தளரும் என்பதால் இந்த இடது கைதான் உங்கள் வேகக் கட்டுப்பாடு. கிராப் சேர்த்ததும் 360 அதிகமாகச் சுற்றிவிடுகிறது என்றால் இந்தக் கையை விரியுங்கள். குறைவாகச் சுற்றுகிறது என்றால் தோளும் தலையும் லிப்பில் முழுதாகத் திரும்பவில்லை. கையில் தேடிப் பயனில்லை.

270-இல்: இறங்கும் சரிவு கண்ணில் படும். விடுங்கள், கால்களை நீட்டுங்கள், கணைக்கால்கள் பூட்டின் முன்பக்கத்தை அழுத்தட்டும்.

ஒரு விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்: 180-ஐத் தாண்டியும் கை ஸ்கீயைத் தொடவில்லை என்றால் அந்த முறை கிராப்பை விட்டுவிட்டு 360-ஐ முடியுங்கள். தாமதமாகப் பிடித்த கிராப் தாமதமாகவே விடும். பின்சாய்ந்து, கால் மடிந்த நிலையில் இறங்கி முழங்கால் தசைநாரைக் கிழித்துக்கொள்வது இப்படித்தான்.

ஏர்பேக் கிடைத்தால் இந்தப் படியின் தொடக்கத்தை அங்கே செய்யுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: பை எப்படி விழுந்தாலும் ஏந்திக்கொள்ளும். அதனால் 270-இல் விடும் பழக்கம் அங்கே சுலபமாகக் கெட்டுப்போகும். பையிலும் காலை நீட்டித்தான் இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

8. நேரமும் பணமும்

நடுக்குளிர்காலக் காலைகளில் லிப் உறைந்து கடினமாக இருக்கும், புறப்படும் பாதையும் வேகமாக ஓடும். வெயில் ஏறியதும் பனி இளகி வேகம் குறையும். காலையில் வைத்த அடையாளம் மதியம் பொய்த்துப்போய் நக்கிளில் மோதுவீர்கள். வெயிலோ காற்றோ மாறும்போதெல்லாம் ஒருமுறை நேராகத் தாவிச் சரிபாருங்கள். மாலையில் லிப்பில் தடங்கள் விழுந்து குழியாகியிருக்கும். அது சுழற்சி கற்கும் நேரமல்ல. மேகம் மூடி நிழலே தெரியாத வெளிச்சத்திலும் வேண்டாம். எனக்குப் பிடித்தது வசந்தகால முற்பகல். பனி இளகத் தொடங்கியிருக்கும், விழுந்தால் வலி குறைவு. மெழுகு மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

களைத்தபின் ஒரு முறை கூட வேண்டாம். முழங்கால் மேலே வர மறுக்கத் தொடங்கியதே நிறுத்துவதற்கான அடையாளம். தலையில் அடிபட்டால் அன்றைய நாள் அத்துடன் முடிந்தது, வலி இல்லை என்றாலும்.

பணத்தைப் பொறுத்தவரை ஒரே ஒரு கணக்கு போடுங்கள்: ஒரு நாளின் மொத்தச் செலவை அன்று உண்மையில் கிடைத்த முயற்சிகளால் வகுங்கள். லிஃப்ட் வரிசையும் ஜம்ப் வரிசையும் நீளமாக இருக்கும் விடுமுறை நாளில் ஒரு முயற்சியின் விலை எகிறிவிடும். அதே பணத்திற்கு வார நாளில் பல மடங்கு தாவலாம். டிராம்போலினில் ஒரு முயற்சி மிக மலிவு. பயிற்றுநருக்குப் பணம் கொடுப்பதானால் 6-ஆம் படியின் முடிவில் கொடுங்கள். அதற்கு முன் அவர் சொல்லப்போவது "முழங்காலைத் தூக்கு" என்பதுதான், அதை இங்கேயே சொல்லிவிட்டேன். பதிவு செய்யும்போது அவர் ஃப்ரீஸ்டைல் கற்பிக்கத் தகுதி பெற்றவரா, குழுவில் எத்தனை பேர், வீடியோ பார்த்துத் திருத்துவாரா என்று கேளுங்கள்.

அடிபட்டால், மீட்புக் குழு எழுதும் விபத்து அறிக்கையின் நகல், மருத்துவ ரசீதுகள், பயன்படாமல் போன பாஸ் ஆகிய மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். சிகிச்சைக்கு முன்போ, முடியாவிட்டால் கூடிய விரைவிலோ காப்பீட்டு நிறுவனத்திற்குத் தகவல் சொல்லுங்கள்.

9. சேஃப்டிக்குப் பிறகு

மியூட்: வலது கை குறுக்கே போய் இடது ஸ்கீயின் வெளி ஓரத்தை, பைண்டிங்கிற்கு முன்னால் பிடிக்கும். இடப்பக்கச் சுழற்சியில் கை போகும் திசையும் உடம்பு சுழலும் திசையும் ஒன்று என்பதால் இது இயல்பாகச் சேரும். ஸ்கீகள் பெருக்கல் குறிபோலக் குறுக்கிட்டிருந்தால், விட்டதும் பிரிக்க நேரம் வேண்டும். ஆகவே சேஃப்டியைவிடச் சற்று முன்னதாக விடுங்கள்.

டெயில்: ஸ்கீயின் பின்முனையைப் பிடிப்பது. முழங்காலை மார்புக்கு இழுக்காமல் குதிகாலைப் பின்னால் மடித்து ஸ்கீயைக் கைக்கு ஏற்ற வேண்டும். கையைப் பின்னால் வீசித் தேடினால் தோள் திறந்து அச்சு சாய்ந்துவிடும். இதையும் தரையிலிருந்து, அதாவது 5-ஆம் படியிலிருந்து தொடங்குங்கள். 360 வரும் என்பதற்காக நேராக அதில் போட்டுப் பார்க்க வேண்டாம்.

540 ஆசை வரும். அது பின்பக்கமாக இறங்கும் சுழற்சி. எனவே பின்பக்கமாகச் சறுக்குவதும் 180 போட்டுப் பின்பக்கமாக இறங்கி நிற்பதும் உறுதியான பிறகே, அதுவும் கொஞ்சம் பெரிய ஜம்பில் 360 சேஃப்டியை நீட்டிப் பிடித்துப் பழகிய பிறகே போங்கள். சிறிய ஜம்பில் 540-ஐயும் கிராப்பையும் திணிக்க அந்த 0.9 நொடி போதாது.